பத்துக்கு இருபது

திங்கள்சந்தையில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால்
பிளெக்ஸ் அடிக்கும் கடையில் எனக்கு வேலை.
சதுர அடி ஒன்பது ரூபாய்.
பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
மாதா திருநாள், மண்டைக்காட்டுக் கொடை,
எல்லாருக்கும் ஒரே மைதான்.

பகவதியப்பன் அண்ணன் வந்தார்
ஒரு மத்தியானம், கையில் பென்டிரைவ்.
"குளச்சல் போரு. வெற்றி விழா. பத்துக்கு இருபது.
தேசம் முழுக்கப் பாக்கணும் பிள்ளே."

எங்கள் கரையில் அந்தப் போர் இப்படி:
டச்சுக்காரன் கப்பல் வெளியே கிடக்கிறது.
எங்களவர்கள் துழவையைத் தோளில் சாய்த்து
மணலில் வரிசையாக நிற்கிறார்கள்.
தூரத்தில் இருப்பவன் கண்ணுக்கு அது துப்பாக்கி.
அவ்வளவுதான். யாரும் சுடவில்லை.
நின்றார்கள். வெயிலில் நின்றார்கள்.
முந்நூறு பேர் என்பாள் அம்மை.
ஐந்நூறு என்பார் உபதேசியார்.
எண்ணினவர் யாருமில்லை,
நாங்களும் கொஞ்சம் கூட்டியிருப்போம்.

அதைத்தான் வரைந்து வைத்திருந்தேன்.
அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"துழவ வேண்டாம், வாள் வை."
வைத்தேன்.
"ஆளுக்க நெஞ்சு கொஞ்சம் அகலட்டும்."
அகன்றது.
"கறுப்பு கூடிப்போச்சு."
இருபது சதவீதம் வெளுத்தேன்.
"கழுத்துல என்ன, குருசா? அது எதுக்கு?"
என் கழுத்தை அவர் பார்க்கவில்லை.
நான்தான் ஷாலைச் சற்று மேலே இழுத்துக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை.
"இப்பதான் நம்ம ஆளு மாதிரி இருக்கான்" என்றார்,
அன்பாகத்தான்.
டீயும் பழம்பொரியும் வாங்கித் தந்தார்.

எதையும் நான் அழிக்கவில்லை.
கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அடுக்குக்கும்
பக்கத்தில் ஒரு சின்னக் கண் உண்டு,
தொட்டால் மூடிக்கொள்ளும்.
துழவையின் கண். குருசின் கண்.
கறுப்பின் கண்.
கோப்புக்குப் பெயர் வெற்றிவிழா_கடைசி_3.

விழா ஆடிச் சாரலில் நடந்தது.
படம் போனில் போனது, காலண்டரில் போனது,
பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்டாக வந்தது.
பழைய அரண்மனைச் சுவரில் இருந்த படம் என்று
இப்போது அண்ணனே சொல்கிறார், என்னிடமே.
பொய் சொல்லும் முகமில்லை அது.
எனக்குப் பயம் அங்கேதான்.

பிளெக்ஸ் கடைசியில் கொட்டில்பாட்டுக்குப் போனது,
நெத்திலி காயப்போட.
வெளுத்த நெஞ்சின்மேல் இரண்டு கூடை.
காக்கை விரட்ட ஒரு பையன்.

அந்தப் பையன்தான், அக்சிலின், நாலாம் வகுப்பு.
ஓவியப் போட்டிக்குத் தலைப்பு குளச்சல் போர்.
எல்லார் தாளிலும் வாள், ரத்தம், கொடி.
அவன் ஒரு வள்ளம் போட்டிருந்தான்.
ஆறு பேர். ஆறு பேர் கையிலும் வாள்.
வாளைத் தண்ணீரில் விட்டுத்
துழைந்துகொண்டிருந்தார்கள்.

வள்ளம் எங்கே போகிறது என்று டீச்சர் கேட்டாளாம்.
"கரைக்கு" என்றானாம்,
"மீன் கெடச்சாச்சு."

பரிசுச் சான்றிதழ்களை நான்தான் அடித்தேன்.
அவன் பெயர் பட்டியலில் இல்லை.