நெடில்

கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
பறவைக்காய்ச்சல் மருந்தடிப்பது என் வேலை.
கேரளாவிலிருந்து வரும் ஒவ்வொரு டயரும்
என் முன்னால் நின்று நனைந்துதான் போகும்.

சனி, ஞாயிறு சாயங்காலம்
நடுநிலைப்பள்ளிச் சத்துணவுக் கூடத்தில்
தென்னைநார் மெத்தைமேல் லாரித் தார்ப்பாய் இழுத்துக்கட்டி
ஐகிடோ.
பதிமூன்று பேர். பாதிப் பேருக்கு
வருவதா வேண்டாமா என்று மீசை இன்னும் முடிவு செய்யவில்லை.
மீதியில் நான், இளநீர் ஏற்றும் ஆறுச்சாமி,
மூட்டுவலிக்காக வந்து மூட்டுவலியோடே நிற்கும்
தபாலாபீஸ் மரகதம்.

ஸ்மிஜா கொழிஞ்சாம்பாறையிலிருந்து
ஐந்தே முக்கால் பஸ்ஸில் வருகிறாள்.
முதல் மாதம் முழுக்க ஒரே பாடம்:
"ஆத்யம் வீழான் படிக்கணும்."

நமக்கு விழு. அவளுக்கு வீழ்.
ஒரு மாத்திரை கூடுதல்.
அந்த ஒரு மாத்திரைக்குள்
தோளை மடக்கலாம், தாடையை நெஞ்சோடு ஒட்டலாம்,
உள்ளங்கையால் தரையை ஒரு தட்டுத் தட்டி
வந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

எனக்கு ஜோடி பிரணேஷ். பிளஸ் ஒன்.
மணிக்கட்டைப் பிடி என்றால்
"புடிக்கட்டுங்களாக்கா?" என்கிறான்
கல்லிலிருக்கும் தோசையைத் தொடுகிறவன்போல.
நாற்பத்தொரு வயசில் இந்தக் கையை
கேட்டுப் பிடித்தவர் யாருமில்லை,
வளையல்காரரைத் தவிர.
கெட்டியாப் புடி கண்ணு.
பிடித்தான். இழுக்காமல், தள்ளாமல்
அவன் பார்க்கும் பக்கமே நானும் பார்த்துத் திரும்ப
பையன் அரிசிமூட்டை மாதிரிச் சாய்ந்து,
இல்லை, பொய் சொல்லக்கூடாது,
அழகாகத்தான் உருண்டான்.
எழுந்து சிரித்தான். அடுத்து என் முறை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஸ்கூட்டர்.
கால்கட்டித் தலைகீழாய் இரண்டு கோழி.
தங்கச்சி வீட்டு விருந்துக்கு என்றான்.
திருப்பிக் கொண்டுபோங்க என்றேன்.
இறங்கி வந்து மருந்துக் குழாயைப் பிடுங்கினான்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை.
குழாயை அவனுக்கே விட்டுக்கொடுத்து
அரையடி விலகினேன். அவ்வளவுதான்.
தன் பலத்தோடு தான் மட்டும் போனான்.
சுண்ணாம்புத் தூளில்
முழங்கை, முகவாய், பல்.
குறிலில் விழுந்தான்.

போலீஸ்காரர் சிரித்தார். லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள்.
இந்த ஆளுக்கு
ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பற்றி
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கை நீட்டினேன்.
சந்தேகமாய்ப் பார்த்தான்.
புடிக்கலாமுங்க என்றேன்.

கோழிகள் தலைகீழாகவே
பார்த்துக்கொண்டிருந்தன.