உரசாத ஆணி

ராயக்கோட்டை ரோட்டில் எங்கள் ஸ்கேன் சென்டர்.
இரவு ஒன்பதுக்கு மேல் கட்டணம் கொஞ்சம் குறைவு.
அதனால் சுமைக்காரர்கள் அப்போதுதான் வருவார்கள்,
பெல்ட், அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்றி
பிளாஸ்டிக் தட்டத்தில் போட்டுவிட்டு
குழாய்க்குள் போவார்கள்.

திம்மராயன், ஐம்பத்தாறு, சந்தூர்.
மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர்.
"அசையக் கூடாது" என்றேன்.
இருபத்திரண்டு நிமிஷம் அசையவில்லை.
சும்மா கிடப்பதற்குக் காசு கொடுத்தது
இதுதான் முதல் தடவை என்றார் பிறகு.

திரையில் துண்டு துண்டாக வந்தது முதுகு.

இருபது வயதில் அந்தத் தட்டுகள் நுங்கு.
நடுவில் நீர், சுற்றிலும் நார்.
மேலிருந்து அழுத்தினால் நீர் நாலாபுறமும் தள்ளும்,
நார் இழுத்துப் பிடிக்கும்,
பாரம் எங்கும் ஒன்றுபோலப் பரவும்.
படத்தில் வெள்ளையாகத் தெரியும்.
இவருக்கு மேலே மூன்று சாம்பல்,
கீழே இரண்டு கறுப்பு.
நாரில் ஒரு கீறல், மயிரளவு.
நடு வற்றினால் பாரம் வந்து
நாரின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும்,
பின்பக்கம், அதே இடத்தில்,
தினமும்.

எங்கோ ஆய்வகங்களில்
இறந்தவர்களின் தட்டை இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்து
உடையும்வரை அழுத்துவார்கள்.
இளசு இவ்வளவு தாங்கும், முதிர்ந்தது இவ்வளவு என்று
எண் போடுவார்கள். படித்திருக்கிறேன்.
சில நேரம் தட்டு தப்பித்துவிடும்,
ஒட்டியிருக்கும் எலும்பு முதலில் விரியும்.
இருபத்தைந்து கிலோ கிரேட், நாளைக்கு நானூறு,
முப்பத்தொரு மாம்பருவம்.
நான் படித்த பக்கத்தில் அந்தக் கணக்கு இல்லை.

"இன்னும் எத்தனை சீசன் தாங்கும் மேடம்?"

ரிப்போர்ட்டில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.
டாக்டர் சொல்வார் என்றேன்.
இதைவிடக் கறுத்த முதுகோடு
வலியே தெரியாமல் தொப்பூர் கணவாயில்
பஸ் ஓட்டுகிறவரைப் பார்த்திருக்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
எனக்கு நாற்பத்தெட்டு.
என் முதுகைப் படமெடுத்துப் பார்த்ததில்லை,
அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"வெள்ளையா இருக்கறது?"
"தண்ணி."
"கறுப்பு?"
"தண்ணி போனது."
"ஆயிரத்து எரநூறு அடி போட்டா வராதா?"
சிரித்தார். சிரிப்பு இடுப்புவரை போய்
அங்கே நின்றுவிட்டது.

பிறகு, நான் கேட்காமலே:
"மண்டி ஷட்டர் சட்டத்துல ஒரு ஆணி இருக்குது.
காலைல உள்ள போறப்ப தலத்துண்ட உரசும்.
சாயங்காலம் உரசாது.
யாரோ ஏத்தி ஏத்தி அடிக்கறாங்கன்னு நெனச்சேன்."

பகலெல்லாம் பிழிந்துவிட்ட நீரை
படுத்த பிறகு திரும்பக் குடிக்கும் அந்தத் தட்டு.
டிப்ளமோ புத்தகத்தில் ஒரே ஒரு வரி,
பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போனேன்.

"இப்ப ரெண்டு வருசமா
காலைலயும் உரசறதில்ல."

தாயத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.
ஃபிலிமைச் சுருட்ட வேண்டாம் என்றேன்,
சுருட்டினார்.
எங்கள் வாசல் ஏழடி உயரம்.
குனிந்துதான் வெளியே போனார்.