துவாய் வேண்டாத சோட்டி

கிளிநொச்சி, டிப்போ வீதி, மேல்மாடி.
முன்பு ரியூட்டரி நடந்த அறை.
பலகையில் இன்னும் அழியாமல் நிற்கிறது
யாரோ பாதியில் விட்ட சமன்பாடு.
அதற்குக் கீழே எங்கள் பதினொரு மெஷின்.
பன்னிரண்டாவது வவுனியாவுக்குத் திருத்தப் போய்
வழி மறந்துவிட்டது.

வளர்ந்துவரும் வடிவமைப்பாளருக்கான ஆறுமாதத் திட்டம்.
பனர் அடித்தவன் ‘ர்’ஐ விழுங்கிவிட
‘வளந்துவரும்’ என்றே தொங்கியது.
நாங்கள் கதைப்பதும் அப்படித்தானே,
விட்டுவிட்டோம்.

நான் வந்தது ஆடைத் தொழிற்சாலையிலிருந்து.
நாலு வருசம் இடது கை மட்டும் தைத்தவள்.
நாளுக்கு ஐந்நூற்று அறுபது இடது கை.
வலது கைக்காரி யோகறஞ்சி, அடுத்த வாங்கு.
நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தும்
ஒரு முழுச் சட்டையைக் கண்டதில்லை.

முதல் மாதம் மூட் போர்ட்.
உங்கள் மண்ணிலிருந்து எடுங்கள் என்றார்
கொழும்பால் வந்த திலினி மிஸ், சிங்களத்தில்.
‘மண்ணை எடுங்கோவாம்’ என்றான் மொழிபெயர்த்த பெடியன்.
கஜரூபன் படியிறங்கிப் போய்
சொப்பின் பையில் அள்ளியே வந்துவிட்டான்.
சிரித்தோம். ஆனால் நல்ல நிறம்.
பிறகு அவன் தைத்த சேட்டெல்லாம் அந்த நிறம்.

அடுத்து, பெட்டியில் தலையில்லாத பொம்மை வந்தது.
அதன் இடுப்பு இந்த மாவட்டத்தில் ஒருத்திக்கும் இல்லை.
ஃபக்டரி பஸ் வரும் நேரம்
கழுத்தில் டேப்போடு கரடிப்போக்கில் நின்றேன்.
முப்பத்தொரு பேரை அளந்தேன்.
பாதிப்பேருக்கு வலது தோள் பதிவு,
மெஷின் பதித்தது.
ஒருத்தி சொன்னாள்,
‘இடப்பக்கக் கரையைக் கொஞ்சம் தூக்கி விடுங்கோ,
பொய்க்கால் கொளுவுது.’
குறித்தேன்: இடம், ஒன்றரை அங்குலம் மேலே.
பஸ் வந்துவிட்டது.

வேறொன்றும் குறித்தேன்.
மீன்காரன் கேற்றடியில் ஹோர்ன் அடித்தால்,
விதானை வந்தால்,
சந்திக் கடையில் சீனி வாங்கப் போனால்
சோட்டிக்கு மேலே ஒரு துவாய்.
துவாய் தோளில் ஏறினால் அது வெளியுடுப்பு.
எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கோ தெரியாது.

ஆக என்னுடைய வடிவம்:
துவாய் வேண்டாத சோட்டி.
நெஞ்சுக்கு இரட்டைத் துணி. முன்னால் சிப்.
பொக்கற் இரண்டு, ஃபோனுக்கு ஒன்று,
திறப்புக்கு ஒன்று.

ஐந்தாம் மாதம் விலை போடப் பழகினோம்.
துணி, நூல், சிப், கரண்ட்.
கடைசிக் கட்டம்: உங்கள் நேரம்.
பன்னிரண்டு பேரும் சுழியம் போட்டிருந்தோம்.
திலினி மிஸ் ஒன்றும் பேசவில்லை.
சிவப்புப் பேனையால்
ஒவ்வொரு சுழியத்தையும் சுற்றிச் சுற்றி
தாள் கிழியுமட்டும் பெருப்பித்தார்.

கடைசி நாள் நடுவர்கள் மூன்று பேர்.
‘அழகாக இருக்கிறது.
ஆனால் இதில் உங்கள் துயரம் எங்கே?’
‘பொக்கற்றுக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ சேர்,
எவ்வளவு ஆழம் எண்டு.’
அவர் விடவில்லை.
முதற்பரிசு தறப்பாளில் தைத்த நீளக் கவுணுக்கு.
தைத்தவள் ஜெனிற்றா, முல்லைத்தீவு.
கேடயத்தோடு மேடையால் இறங்கி
நேரே என்னிடம் வந்து காதுக்குள் கேட்டாள்:
‘உன்ர சோட்டி லார்ஜில ஒண்டு கிடக்கோ?’

இப்போது கனகபுரத்தில் சின்ன அறை.
முதல் பில்லில், கைவேலை: அறுநூற்றைம்பது
என்று எழுதிவிட்டு
வேறெங்கோ பார்த்தேன்.
வாங்க வந்தது யோகறஞ்சி.
‘அடியே, கைக்கும் காசோ?’
‘ஓம்.’
‘நான் தைச்ச கைக்கு ஒருத்தரும் இப்பிடி எழுதேல்ல.’
கொஞ்ச நேரம் பில்லையே பார்த்தாள்.
பாதி தந்தாள். மீதி சம்பளத்துக்காம்.
இரண்டு சம்பளம் போய்விட்டது.

அன்று அதைப் போட்டுக்கொண்டே
கடைக்கென்று வெளிக்கிட்டாள்.
வெறும் தோள். பொக்கற்றில் ஒரு கை.
நடு வீதியில் மற்றக் கை எழும்பி
இல்லாத துவாயை இழுத்து விட்டது.
இடது கை.
நான் தைத்தது.
வலதும்
நான்தான்.