மூன்று தட்டு

முதல் ரிவெட்டைக் கொன்றேன். வேறு சொல் இல்லை.
துப்பாக்கி வழுக்கி, பளபளத்த தகட்டில் ஒரு பிறை விழுந்தது.
இரண்டாவது ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

யார்க்டனில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
கார் நிற்க வேண்டிய கொட்டகையில் கார் இல்லை.
அது பனியில் புதைந்து நிற்கிறது.
உள்ளே, மூக்கில்லாமல் இறக்கையில்லாமல்
வால் மட்டும் முளைத்த ஒரு விமானம்
மரக்கட்டைகள்மேல் படுத்திருக்கிறது.
கம்ப்ரஸர் லோர்ன் பெட்ரிவிடம் வாங்கிய இரவல்.
அக்டோபரில் திருப்பித் தருகிறேன் என்றேன்.
எந்த வருடத்து அக்டோபர் என்று
நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரு ரிவெட்டுக்கு இரண்டு பேர் வேண்டும்.
வெளியே நின்று அடிக்க ஒருவர்,
உள்ளே இருந்து இரும்புக் கட்டியை முட்டுக்கொடுக்க ஒருவர்.
வால்கூம்புக்குள் என் தோள் நுழையாது.
மார்னியின் தோள் நுழையும்.

"இது பறக்கிற அன்றைக்கு நான் தரையில் நிற்பேன்,"
வரைபடக் கட்டு தபாலில் வந்த அன்றே சொல்லிவிட்டாள்,
"கையசைப்பேன். அவ்வளவுதான்."
சொன்னவள்
பழைய போர்வையை விரித்து,
காதடைப்பானை மாட்டி,
நெற்றி விளக்கோடு உள்ளே ஊர்ந்து போனாள்.
வெளியே தெரிந்தது கம்பளிக் காலுறை இரண்டு.
ஒன்றில் ஓட்டை.

பேச்சு கேட்காது. ஆகவே தட்டு.
ஒரு தட்டு: சரி, அடுத்தது.
இரண்டு: இன்னும் கொஞ்சம் அடி.
மூன்று: கெடுத்துவிட்டாய்.

அந்த வாரம் முழுக்க மூன்று மூன்றாகவே கேட்டது.
கெட்டதன் நடுமண்டையில் புள்ளி வைத்து,
கை நடுங்காமல் துளையிட்டு,
தலையைக் கிள்ளி எறிந்து,
மிச்ச உடலைப் பின்பக்கம் தள்ள வேண்டும்.
அடிக்கக் கற்பதற்கு முன்பே
பிடுங்கக் கற்றுத் தேர்ந்துவிட்டேன்.

ஒருநாள் கைதவறி ஒரு ரிவெட் உள்ளே உருண்டது.
காந்தத்தை அலுமினியம் மதிக்காது.
வாலைத் தூக்கிக் குலுக்கினோம், சாய்த்தோம்,
பறக்கும்போது கிலுகிலுப்பை ஆடுமே என்று திட்டிக்கொண்டோம்.
ராத்திரி அது
காலுறை ஓட்டைக்குள் அகப்பட்டது.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில்.
கனோரா தேவாலயம், மெல்வில் பள்ளிக்கூடம்,
யாரும் வாசிக்காத முன்னறைப் பியானோக்கள்.
ஒரு மதியம் உள்ளிருந்து ஐந்து தட்டு.
எங்கள் கணக்கில் ஐந்து கிடையாது.
தலையை நீட்டினாள். முடியெல்லாம் உலோகத்தூள்.
"நீ கண்ணால் அடிக்கிறாய்.
கேள். நிரம்ப நிரம்பச் சத்தம் ஏறுகிறது.
முதலில் தகரம். பிறகு மரம்.
பிறகு, சின்னதாக, ஒரு மணி.
மணி கேட்டதும் விரலை எடு.
அதற்கு மேல் அடிப்பது ரிவெட்டை அல்ல,
உன் கோபத்தை."

யார்மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.
விசையை அழுத்தினேன்.
தகரம் தகரம் மரம் மரம்
எடுத்தேன்.

நெடுநேரம் உள்ளே அசைவில்லை.
அளவுத்தகட்டை வைத்துப் பார்க்கிறாள்:
அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி.
ஹீட்டர் முனகியது.
லோர்னின் கம்ப்ரஸர் மூச்சு வாங்கியது.

ஒரு தட்டு.

அன்றைக்கு நாற்பத்தொன்று தறைந்தோம்; ஏழு கெட்டது.
சூப் ஆறிப்போனதை அப்படியே குடித்தோம்.
மேசை விளிம்பில் அவள் விரல்கள்
தாமாக முட்டுக்கொடுத்தபடி இருந்தன.

மார்ச் வந்து கூரைப்பனி சொட்டத் தொடங்கியது.
மேல்தகட்டின் கடைசி வரிசை.
இதில் ஏறவே மாட்டேன் என்றவள்
இருநூறு மணி நேரம் இதற்குள் இருந்திருக்கிறாள்.
நான் ஒரு நிமிடம்கூட இல்லை.
குனிந்து, கால்கள் இருந்த பக்கமாகக் கத்தி
இதைச் சொல்லிக் காட்டினேன்.

கொஞ்சம் மௌனம்.
பிறகு, தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து,
நிதானமாக,
மூன்று தட்டு.