அரைப்புள்ளி

ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.
முழங்கால் இடிக்கும் பெஞ்சுகளில் பதினேழு பேர்.
சங்கம் பதிய ஏழு பேர் போதும் என்று சொல்லியிருந்தார்
வக்கீல் தேனப்பன்.
துணைவிதிகளைக் காரைக்குடியில் அடித்து
அவரே கொண்டுவந்தார்;
வேறேதோ சங்கத்தின் விதிகள், பெயரை மட்டும் மாற்றி.
மூன்றாம் பக்கத்தில் மாற்ற மறந்த இடத்தில்
நாங்கள் இன்னும்
தேவகோட்டைத் தையல் தொழிலாளர்கள்.

சிங்கப்பூரிலிருந்து சாத்தப்பன்
சாக்பீஸ் டப்பாவில் சாய்த்துவைத்த கைபேசியில் இருந்தார்.
அப்பச்சி பேரில்
வாசலுக்கு ஒரு வளைவு கட்டித் தருவதாகச் சொன்னார்.
தலைமையாசிரியை சகாயராணி
வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இருக்கிறது,
தாழ்ப்பாள் இல்லை,
ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே
காலை முட்டுக்கொடுத்து நிற்கிறாள்
என்று மட்டும் சொன்னார்.
சிங்கப்பூரில் சற்று நேரம்
சிக்னல் இல்லை.

அப்புறம் விதி நான்கு.
‘உறுப்பினர் என்பவர்
இப்பள்ளியில் படித்துத் தேர்ச்சி பெற்றவர்.’
வாசித்தது நான்,
செயலாளர் என்று காலையில்தான் ஆக்கியிருந்தார்கள்.

கடைசி பெஞ்சில் பூமயில் எழுந்தாள்.
புதுவயல் ஆலைக் களத்தில் நெல் கிண்டுகிறவள்.
‘நான் எட்டாவதுல பாதியில நின்னவ. இதே ரூம்.
கால்பரீட்சை எழுதினேன், அரைப்பரீட்சைக்கு வரலை.
ஐந்நூறு ரூவா கொண்டாந்திருக்கேன்.
எடுத்துக்குவீங்களா, மாட்டீங்களா?’

தேனப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நன்கொடையாளர் என்று தனிப்பட்டியல் போடலாமாம்.
ஓட்டு மட்டும் கிடையாதாம்.

நகரக்கோயிலில் புள்ளிவரி எழுதும் நாச்சியப்பன்
இடையில் புகுந்தார்:
‘எங்களுக்குத் தம்பதி ஒரு புள்ளி.
ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி, அரை வரி.
அதுபோலப் பாதிப் படிப்புக்குப் பாதிச் சந்தா?’
வேடிக்கையாகத்தான் சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை, பூமயிலைத் தவிர.
‘அப்படிப் பார்த்தா நான்
ரெண்டு கணக்குலயும் அரைதான்’ என்றாள்.
லாரி ஏறி இறந்த செகுட்டையன்
அவள் புருஷன் என்பது
நாச்சியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் தொண்டையைக் கனைத்தேன்.
பத்தாம் வகுப்பை மூன்றாம் தடவை,
தனித்தேர்வராக, வேறொரு பள்ளியில் எழுதித் தேறியவன் நான்.
விதி நான்கின்படி
செயலாளரே உறுப்பினர் இல்லை என்றேன்.
என் மனைவிக்கே தெரியாத விஷயம் அது.
ரைஸ்மில் ஷாஜகான் ‘நாலாவது தடவை’ என்று
தன் பங்கைச் சொன்னான்.
இரண்டு பேர் கூரையைப் பார்த்தார்கள்.

சகாயராணி பீரோவைத் திறந்து
சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவந்தார்.
பூமயில், வரிசை எண் 1187.
மாற்றுச் சான்றிதழ் பெற்ற நாள்: காலி.
விலகிய காரணம்: காலி.
யாரும் அவளை நீக்கவில்லை, அவளும் எதையும் கேட்டு வாங்கவில்லை.
‘சட்டப்படி’ என்றார் தேனப்பன் மெதுவாக,
‘இவர் முன்னாள் மாணவியே இல்லை.’

அரைப்புள்ளியில் இரண்டு மாத்திரை நில்,
முற்றுப்புள்ளியில் நான்கு.
இலக்கணத்தில் எனக்குத் தங்கியது அவ்வளவே.
விதி நான்கின் கடைசிப் புள்ளிக்குக் கீழே
பேனாவால் ஒரு வால் இழுத்தேன்;
அதற்கப்பால் எழுதினேன்:
‘மற்றும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் உள்ள எவரும்.’
இடம் போதவில்லை, ஓரத்தில் ஏறி வளைந்தது.
பதினேழு பேரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்கள்.

ரசீது எண் ஒன்று: பூமயில், ஐந்நூறு.
செலவு: தாழ்ப்பாள் மூன்று, திருகாணி, தச்சர் கூலி.
மீதி நாற்பது ரூபாய்.
வளைவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

திங்கட்கிழமை தாழ்ப்பாள் போட்டாயிற்று.
வியாழன்வரைக்கும், பழக்கத்தில்,
ஒருத்தி வெளியே
காலை முட்டுக்கொடுத்தே நின்றாளாம்.