எப்போதிருந்து

றம்பொடைக்கு மூன்று வளைவு முன்னால்
பதினாறு ஸ்ரீ டட்சன் நின்றுவிட்டது.
புகையா பனியா என்று
அந்தக் காலை ஆறு மணிக்கு யார் சொல்ல?
பின்கண்ணாடியில் ரோடு முழுக்க வெள்ளை.
மலை தன் பங்குக்கு விட்டது,
நான் என் பங்குக்கு.

பின்சீட்டில் கல்யாணப் பெண், புவனலோசனி.
நுவரெலியாவில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம்.
நிற்பதற்குக் கொஞ்சம் முன்புதான் கேட்டாள்:
"அண்ணே, வண்டிக்கு என்ன?"
"ஒன்னுமில்லம்மா. மேட்டுல இப்படித்தான் மூச்சு வாங்கும்."
பானட்டுக்கடியில்
சோற்றுப்பானை கொதிக்கிற சத்தம்.

மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே ஏறிவந்த லொறி
பிரேக் போட்டது.
சேலையை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்து
அந்த லீக்ஸ் அழுகல் வாசத்துக்குள் ஏறினாள்.
பூமாலைப் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
திட்டியிருந்தால் தேவலை.
பானட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் ரோசாக்கள்
சூட்டில் ஒவ்வொன்றாய்க் கழுத்து மடித்தன.

கொழுந்து லொறியில் கயிறு கட்டி
புசல்லாவை, நிஸ்தார் பாஸின் கராஜ்.
அவர் எஞ்சினைக் கேட்கவே இல்லை.
ஒயில் மூடியைத் திருகி, உட்புறத்தை
விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
பால் தேத்தண்ணி.
அதே நிறம். ஆடைகூடக் கட்டியிருந்தது.

"எப்ப இருந்து தண்ணி ஊத்துற?"
"நேத்துல இருந்து பாஸ்."
தலையை ஆட்டினார். சாவியை எடுத்தார்.
பத்து போல்ட்.
கடைசி இரண்டும் துருவில் அழுதன.
ஹெட்டைத் தூக்கி டயர்மேல் கவிழ்த்தார்.
இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
கேஸ்கெட் எரிந்து, விரல்நகம் அகலத்துக்கு ஒரு கறுப்பு வாசல்.
தண்ணீர் போகும் துளைகளின் வாயெல்லாம்
செம்மண். ஒன்றில் பாசி.

நான் நிறுத்திய பீலிகள் அத்தனையும் அங்கே இருந்தன.
ஹெல்பொடைப் பீலி, தவலந்தென்னைப் பீலி,
கோயிலுக்குக் கீழே பேரில்லாத பீலி.
ஹயர் வந்தவர்களிடம்
"கால் கழுவிட்டு வாறேன்" என்று இறங்கி
அஞ்சு லீட்டர் கேனோடு குனிந்த இடங்கள்.

பாஸ் மறுபடி கேட்கவில்லை. துணியால் கை துடைத்தார்.
"தீபாவளியில இருந்து," என்றேன்.
தை முடிய இரண்டு நாள் இருந்தது.

உருக்குச் சட்டத்தை ஹெட்டின்மேல் வைத்து
அடியில் தகட்டை நுழைத்தார்.
நுழையக்கூடாத தகடு நுழைந்தது.
ஹெட் கம்பளை லேத்துக்குப் போனது, முகம் சீவ.
கேஸ்கெட் பஞ்சிகாவத்தையிலிருந்து
ராத்திரி பஸ்ஸில், அட்டைக்குள் வந்தது.
கையில் வாங்கினேன். கனமே இல்லை.
இதற்கா ஒரு கல்யாண ஹயரும் அதற்குமேல் பாதியும்?

செவ்வாய்க்கிழமை ஒரு புது நம்பர்.
"அண்ணே, நான் அன்னைக்கு லொறியில போனவ."
தாலி கட்டப் பத்து நிமிஷம் இருக்கையில் போய்ச் சேர்ந்தாளாம்.
லீக்ஸ் வாசத்தைப் பற்றி மாமியார் மட்டும் கேட்டாளாம்.
சிரித்தாள். பிறகு,
"வெள்ளிக்கிழமை மறுவீடு. வண்டிக்கு என்ன?"

ஒன்னுமில்லம்மா,
நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"ஹெட் கழட்டிக் கெடக்கு. நாளைக்கு ஏத்துவாங்க.
ஏத்தினாலும் வெள்ளிக்கிழமை உங்கள ஏத்த மாட்டேன்.
மொதல்ல நான் தனியா ஓட்டிப் பாக்கணும்.
அட்வான்ஸ் காச ஒங்க அண்ணன்கிட்ட குடுத்துர்றேன்."
அந்தப் பக்கம் கோழி கத்தியது.
"சரிண்ணே," என்றாள்.

புதன்கிழமை, நடுவிலிருந்து ஓரத்துக்கு
பாஸ் இறுக்கினார்: முதல் சுற்று இருபது இறாத்தல்,
பிறகு முப்பத்தைந்து, பிறகு ஐம்பது.
ஒவ்வொரு கிளிக்குக்கும் உதடு அசைந்தது.
"அஞ்ஞூறு கிலோமீட்டர் ஓடிட்டு வா,
திரும்ப இறுக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை, தனியே, அதே வளைவு.
முள் பாதியில். கண்ணாடியைத் தட்டினேன்.
பாதியிலேயே.
பின்னால் ரோடு முழுக்க வெள்ளை.
இறங்கிப்போய் சைலன்சர் வாயில் கை வைத்தேன்,
முகர்ந்தேன், திரும்பவும் வைத்தேன்.
பனிதான் போல.

பீலியில் கேனை நிரப்பி
டிக்கியில் வைத்துக்கொண்டேன், எதற்கும்.