முதல் சீட்டு

குலுக்கலில் முதல் சீட்டு எங்களுக்கு.
வெலிங்டன் ரெஜினால்டைக் கேட்டேன்:
ஆறடி, இடதுகால், சொந்த பூட்ஸ்.
பக்கத்தில் நின்ற போஜனை
மஞ்சூர்க்காரர்கள் தூக்கிப்போனார்கள்.

எட்டு ஆட்டம், ஒரே கோல்,
அதுவும் எங்கள் வலைக்குள்.
கொலக்கம்பை மைதானத்தின் சரிவு
அவன் காலுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.
மஞ்சு இறங்கினால்
நம்ம பக்கம் எதுண்ணா என்பான்.

கடைசி இடம்.
இலை நிறுக்கும் கொட்டகைச் சுவரில்
கரிக்கட்டியால் என் பெயரும் ஒரு வசையும்.
வசையில் எழுத்துப்பிழை. திருத்தவில்லை.

போஜனை எடுத்திருந்தால்
ஐந்தாவதாய் வந்திருப்போம்.
ஐந்தாவதாய் வந்தவனை யாரும் திட்டுவதில்லை,
முதல் சீட்டும் தருவதில்லை.
அது கடைசிக்காரனுக்கு. விதி அப்படி.

அடுத்து யாரை என்று விழித்தபோது
பஸ் ஏறப்போன ரெஜினால்டுதான் சொன்னான்:
"லாரி க்ளீனர் தவச்செல்வம்.
சாயங்காலம் நான் உதைக்கிற பத்தையும் பிடிக்கிறான்.
நான் மட்டமா, அவன் கெட்டியா, தெரியலண்ணா.
பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டோம்.
அந்த வருசம் எங்கள் வலை
காற்றுக்கு மட்டும் அசைந்தது.

கோப்பை வந்த இரவு
அவனுக்குப் போன் போட்டேன்.
அடித்து ஓய்ந்தது.
டவர் இருக்காது என்றேன் பையன்களிடம்,
வெலிங்டனில்.